உதவிக்கு வந்தவர்கள்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. காலை 11.15 இருக்கும். கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து டீம்ஸில் ஒரு செய்தி வந்தது. "தம்பி, நீங்க அனுப்பின ஆள் லைன்ல இருக்காரு. எல்லாம் சரி பண்ணிட்டிருக்காரு. ரொம்ப தேங்க்ஸ்." கடைசியில் ஒரு கும்பிடு.

நான் யாரையும் அனுப்பவில்லை.

அப்போது மூன்றாம் மாடியில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தியை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஐடி பிரிவில் மொத்தமே நான்கு பேர். ஒருவன் லீவு. மற்ற இருவரும் சர்வர் அறையில் இருப்பது எனக்குத் தெரியும். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினேன்.

அக்கா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது, எழுத்துகள் ஓடின, மூடியது. ஐடி ஆள் உள்ளே வந்து வேலை பார்க்கும்போது எப்படி உட்கார வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேனோ, அப்படியே உட்கார்ந்திருந்தார். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். வைஃபையை அணைத்தேன். அம்பு நின்றது.

"என்னாச்சு தம்பி?"

பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

*

நான் 11 வருடமாக ஹெல்ப்டெஸ்க் ஆள். முதல் ஐந்து வருடம் ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டர். இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து, அமெரிக்காவில் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். பிறகு கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் இந்த நிறுவனம்.

இந்த வேலையில் தொழில்நுட்பம் பாதிதான். மீதி குரல். கூப்பிடுகிறவர் எப்போதும் கோபத்திலோ பயத்திலோதான் இருப்பார். அவரை முதலில் அமைதிப்படுத்த வேண்டும். உங்கள் சிரமம் புரிகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பிறகு அவரை யோசிக்க விடக் கூடாது. யோசித்தால் கேள்வி கேட்பார். கேள்வி கேட்டால் நேரமாகும். ஒரு அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்பதை வைத்துத்தான் எங்களுக்கு மதிப்பெண்.

"பயப்படாதீங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க. இப்ப ஒரு பெட்டி வரும், அதுல 'அலவ்' கொடுங்க. அவ்ளோதான்."

இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஏன் அலவ் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். கேட்கிறவரை எங்களுக்குள் 'டஃப் யூசர்' என்போம். கேட்காதவர் 'நல்ல யூசர்'. அக்கா எங்கள் கணக்கில் மிக நல்ல யூசர். 20 வருடமாக அந்த நிறுவனத்தில் இருக்கிறார். கைப்பட லெட்ஜர் எழுதிய காலத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். முடிந்ததும் மறக்காமல் தேங்க்ஸ் அனுப்புவார்.

*

அன்று நடந்ததை லாக் பதிவுகளிலிருந்து நாங்கள் பிறகு கோத்து எடுத்தோம்.

காலை 10.20லிருந்து அக்காவின் இன்பாக்ஸில் அஞ்சல்கள் கொட்டத் தொடங்கின. ஒரு போர்ச்சுகீசியச் செருப்புக் கடை. ஏதோ ஜெர்மன் தேவாலயத்தின் செய்திமடல். நாய்த் தீனி விற்கிறவர், யோகா சொல்லித்தருகிறவர். எல்லாமே உண்மையான தளங்கள். யாரோ ஒருவர் அக்காவின் முகவரியை ஆயிரக்கணக்கான சந்தா படிவங்களில் ஒரு சின்ன நிரலை வைத்து நிரப்பிவிட்டிருந்தார். எந்த அஞ்சலிலும் வைரஸ் இல்லை, மோசடி இணைப்பு இல்லை. அதனால் எங்கள் வடிகட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. 40 நிமிடத்தில் 2,000க்கு மேல் வந்துவிட்டன.

மறுநாள் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள். வர வேண்டிய பில்கள் எல்லாம் அந்தக் குப்பைக்கு அடியில் போய்விட்டன. அக்கா ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க மேலே பத்து வந்து விழுகிறது.

11 மணிக்கு டீம்ஸில் ஒரு அழைப்பு. பெயர் இருந்த இடத்தில் 'ஹெல்ப் டெஸ்க் மேனேஜர்'. நிதானமான ஆங்கிலம். மேடம், உங்கள் இன்பாக்ஸில் அளவுக்கு மீறி அஞ்சல் வருவதை நாங்கள் இங்கிருந்து பார்க்கிறோம், உங்கள் வேலை கெடுகிறதே, ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்றிருக்கிறார்.

அக்கா யாரிடமும் புகார் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமலே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவர் ஐடி ஆளாகத்தானே இருக்க முடியும்? இது முட்டாள்தனம் இல்லை, நியாயமான முடிவு. இந்தத் தாக்குதல் அந்த நியாயத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பழமொழியே உண்டு: பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது.

பிறகு கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். 'க்விக் அசிஸ்ட்' திறந்தது. அது விண்டோஸிலேயே வருவது. தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரின் கணினியைச் சரிசெய்து கொடுப்பதற்காக மைக்ரோசாஃப்ட் தந்த வசதி. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அக்கா தட்டினார். ஒரு பெட்டி வந்தது. அக்கா 'அலவ்' கொடுத்தார்.

*

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விஷயம் அல்ல. 2024 மே மாதமே மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றி எழுதியிருந்தது. 'ஸ்டார்ம்-1811' என்று அவர்கள் பெயரிட்ட ஒரு கும்பல் முதலில் அஞ்சல்களைக் கொட்டுகிறது, பிறகு ஹெல்ப்டெஸ்க் என்று சொல்லிக்கொண்டு அழைக்கிறது, க்விக் அசிஸ்ட் வழியாக உள்ளே வருகிறது, கடைசியில் 'பிளாக் பாஸ்டா' என்ற பிணைத்தொகை மென்பொருளை இறக்குகிறது. முதலில் தொலைபேசியில் அழைத்தார்கள். கொஞ்ச நாளில் டீம்ஸுக்கு மாறினார்கள். 2025 ஜனவரியில் சோஃபோஸ் நிறுவனமும் இதே வித்தையை விவரித்தது. அவர்கள் பார்த்த ஒரு சம்பவத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 3,000 அஞ்சல்வரை கொட்டியிருக்கிறார்கள்.

ஏன் டீம்ஸ்? அஞ்சல் என்றால் சந்தேகப்பட வேண்டும் என்று 20 வருடமாகச் சொல்லிச் சொல்லி ஓரளவு பழகிவிட்டோம். டீம்ஸும் ஸ்லாக்கும் அப்படி இல்லை. அது அலுவலகத்தின் உள்ளறை. அங்கே லீவு கேட்கிறோம், பிறந்தநாள் கேக் எந்த மாடியில் என்று விசாரிக்கிறோம், மேனேஜரைக் கிண்டல் செய்கிறோம். உள்ளறையில் நிற்கிறவர் வீட்டு ஆளாகத்தான் இருப்பார் என்பது நம் எண்ணம். ஆனால் டீம்ஸின் இயல்பான அமைப்பே, வெளி நிறுவனத்துக்காரரும் நம் ஆளை நேராக அழைக்கலாம் என்பதுதான். வேண்டாம் என்றால் நிர்வாகி போய் அடைக்க வேண்டும்.

ஏமாறுவது எப்போதும் கணக்குப் பிரிவும் அல்ல. 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், 10 டாலருக்கு வாங்கிய திருட்டு குக்கீ ஒன்றை வைத்து அதன் ஸ்லாக்கில் நுழைந்ததாக ஒரு செய்தித்தளத்திடம் சொன்னார்கள். உள்ளே போய் ஐடி ஆட்களிடமே பேசியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி பார்ட்டியில் போனைத் தொலைத்துவிட்டேன், உள்ளே போக வழி செய்து கொடுங்கள் என்று. ஐடி ஆட்கள் செய்து கொடுத்தார்கள். என்னைப் போன்ற ஒருவன்தான் அங்கேயும் உட்கார்ந்திருப்பான். பாவம், போனைத் தொலைத்துவிட்டானே என்று நினைத்திருப்பான்.

2025 பிப்ரவரியில் பிளாக் பாஸ்டா கும்பலின் உள் உரையாடல்கள் கசிந்தன. சுமார் 2 லட்சம் செய்திகள். அதைப் பற்றி வந்த ஆய்வுகளைப் படித்தேன். அவர்களிடமும் ஒரு அரட்டை அறை, வேலைப் பங்கீடு, ஆட்களை அழைத்துப் பேசுவதற்கென்றே தனி ஆட்கள். கிட்டத்தட்ட எங்கள் கால் சென்டர்தான். அந்த 'ஹெல்ப் டெஸ்க் மேனேஜர்' அக்காவிடம் பேசிய நிதானத்தை அவன் எங்கோ ஒரு இரவு ஷிஃப்டில் கற்றிருப்பான் என்று தோன்றியது.

*

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. உள்ளே வந்தவன் 14 நிமிடம்தான் இருந்தான். ஏதோ ஒரு கோப்பை இறக்கிவைத்திருந்தான், அதை ஓட்டுவதற்குள் கேபிளைப் பிடுங்கிவிட்டோம். எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம். நான்கு நாள் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை.

ஐந்தாம் நாள் மீட்டிங். மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "யார் க்ளிக் பண்ணது?"

அறிக்கையை எழுதியது நான். அதில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'பயனர் பிழை' என்று எழுதினேன். அடுத்த கட்டம் 'எப்படிக் கண்டறியப்பட்டது'. 'ஐடி பிரிவு கண்டறிந்தது' என்று எழுதினேன். பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அக்காவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அரைப் பக்கக் கடிதம். தன் கவனக்குறைவால் நடந்தது, இனி நடக்காது என்று எழுதிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்று எனக்கும் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் பிழை இருந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பக்கத்து சீட் பையனை விட்டுச் சொல்லச் சொன்னார்.

*

அந்த வருடம் மார்ச் மாதத்தில் நான் வேறொரு கதையை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில், கேன்டீனில், வீட்டில்கூட. எக்ஸ்இசட் கதை.

எக்ஸ்இசட் யுடில்ஸ் என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். உலகத்தின் பெரும்பாலான சர்வர்களில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். 2024 மார்ச் 29, புனித வெள்ளி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாக வேலை செய்வதைக் கவனித்ததாகவும், அந்த அரை நொடியைத் துரத்திப் போனபோது எக்ஸ்இசட்டுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதைக் கண்டதாகவும் அறிவித்தார். ஒரு ரகசியச் சாவி வைத்திருப்பவர் எந்தக் கடவுச்சொல்லும் இல்லாமல் உள்ளே வந்து கட்டளையிடலாம். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் அது இருந்தது. சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிடிபட்டுவிட்டது. அந்தச் சனி ஞாயிறு முழுக்க எங்கள் சர்வர்களில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதுதான் இருந்தது.

நான் கதையைச் சொன்னவிதம் இதுதான்: ஒரு ஹீரோ, ஒரு வில்லன், ஒரு அரை நொடி. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

டிசம்பரில் ஒரு இரவு, அக்காவின் அந்தக் கடிதத்தை மறக்க முடியாமல், எக்ஸ்இசட்டின் பழைய மடலாற்குழுவை மறுபடி திறந்தேன். அந்தக் கடிதங்கள் எல்லாம் இன்னும் பொதுவில் இருக்கின்றன. இந்த முறை வில்லனைத் தேடவில்லை. அந்த மென்பொருளைப் பல வருடம் ஒற்றை ஆளாகப் பராமரித்துவந்த லாஸ்ஸே காலின் என்ற பின்லாந்துக்காரர் எழுதியதைப் படித்தேன்.

2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்குகிறார். நல்ல திருத்தங்கள். 2022இல் வேறு சில பெயர்கள் வருகின்றன. ஜிகர் குமார் என்று ஒன்று, டென்னிஸ் என்ஸ் என்று ஒன்று. இவர்கள் புகார் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம், உங்களுக்கு இதில் ஆர்வமே போய்விட்டது, வேறு பராமரிப்பாளர் வந்தால்தான் உருப்படும் என்ற தொனியில். அந்த ஜூனில் காலின் பதில் எழுதுகிறார். ஆர்வம் போகவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களாலும் வேறு சில காரணங்களாலும் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஜியா டான் உதவுகிறார், வருங்காலத்தில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்றும் சொல்கிறார்.

2023இல் வெளியீடுகளைக்கூட ஜியா டான் செய்யத் தொடங்கிவிட்டார். 2024 பிப்ரவரியில் கள்ளக் கதவு வந்தது. பிறகு ஜியா டான் காணாமல் போனார். அது யார், எந்த நாடு என்று இன்றுவரை உறுதியாகவில்லை. புகார் சொன்ன அந்தப் பெயர்களுக்கும் வேறெங்கும் தடயம் இல்லை. எல்லாம் ஒரே கும்பல்தான் என்பது பரவலான கருத்து.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜிகர் குமார் என்ற பெயரில் வந்தவை அந்த 2,000 அஞ்சல்கள். ஜியா டான் அந்த 'ஹெல்ப் டெஸ்க் மேனேஜர்'. ஒன்று 40 நிமிடத்தில் நடந்தது, இன்னொன்று இரண்டரை வருடத்தில் நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் ஒரு ஆளைக் களைப்படைய வைக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே களைத்துத் தனியாக இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு போய் உதவட்டுமா என்று கேட்க வேண்டும்.

*

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் இதுவே தெரிந்தது.

இன்றைக்கு யாரும் மென்பொருளை முழுதாகத் தானே எழுதுவதில்லை. ஹோட்டல்காரர் மிளகாயைத் தானே அரைக்காமல் பொடியாக வாங்குவது மாதிரி, நூற்றுக்கணக்கான சிறு பொட்டலங்களை எடுத்துச் சேர்த்துத்தான் எல்லா நிறுவனமும் சமைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பொட்டலக் கடைக்குப் பெயர் என்பிஎம். கடையில் பொருள் இலவசம். அரைத்து வைத்த ஆளுக்குச் சம்பளமும் இல்லை.

2018இல் அந்தக் கடையில் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' என்ற பொட்டலம். எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. ஒருவர் அஞ்சல் எழுதி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவரும் கொடுத்துவிட்டார். வந்தவர் ஒரு பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே வைத்தார். விஷயம் வெளியே வந்தபோது பலரும் எழுதியவரைத்தான் திட்டினார்கள். அத்தனை வருடம் அவருடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள், ஒருநாள்கூட உதவட்டுமா என்று கேட்காதவர்கள், யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார்கள். கேட்டு வந்தது திருடன் ஒருவன்தான். அதனால் அவனிடம் போனது.

2025 செப்டம்பர் 8. என்பிஎம்மில் மிகப் பிரபலமான பொட்டலங்கள் சிலவற்றைப் பராமரிக்கும் ஒருவருக்கு ஒரு அஞ்சல் வந்தது. உங்கள் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புதுப்பித்து நாளாகிவிட்டது, செய்யாவிட்டால் 10ஆம் தேதியிலிருந்து கணக்கு முடக்கப்படும் என்று. அனுப்பிய முகவரி என்பிஎம் போலவே இருந்தது, கடைசியில் மட்டும் '.ஹெல்ப்'. அவர் தட்டினார். 'சாக்', 'டீபக்' உட்பட 18 பொட்டலங்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் ஏறியது. அவையெல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறக்கப்படுபவை. மனிதர் மழுப்பவில்லை. ஆமாம், நான்தான் ஏமாந்தேன் என்று அன்றே பொதுவில் சொன்னார். சில மணி நேரத்தில் அவை நீக்கப்பட்டன. அதே மாதம் 'ஷாய்-ஹுலுட்' என்ற புழு வந்தது. ஒரு நிரலாளரின் கணினியில் ஏறினால் அவருடைய சாவிகளைத் திருடி, அவர் பராமரிக்கும் மற்ற பொட்டலங்களிலும் தன்னை ஏற்றிக்கொள்ளும். 500க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் கெட்டன. இதற்கு யாரும் போன் பண்ணி நயமாகப் பேச வேண்டியதே இல்லை. ஒரு ஆள் ஏமாந்தால் போதும், மீதியை நம்பிக்கையின் சங்கிலியே கடத்திக்கொண்டு போய்விடும்.

அந்த '.ஹெல்ப்' என்ற வார்த்தையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஐடி கார்டிலும் அதுதான் இருக்கிறது.

*

ஆனால் அது 2025. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஜனவரியில் நடந்தது.

பொங்கல் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று என் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். அதில் இரண்டு பொய்கள் இருந்தன.

முதல் பொய், 'பயனர் பிழை'. வெளி ஆட்கள் டீம்ஸில் எங்கள் ஆட்களை அழைக்க முடியாதபடி அடைக்கும் அமைப்பு என் கையில்தான் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கையை நான் ஜூனிலேயே படித்து, பிறகு பார்க்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். நவம்பரிலும் அந்த நட்சத்திரம் இருந்தது. க்விக் அசிஸ்ட் எங்களுக்குத் தேவையே இல்லை, எங்களிடம் வேறு கருவி இருந்தது. அதையும் நீக்கவில்லை. அக்கா அழுத்தியது ஒரு பொத்தானை. நான் ஐந்து மாதம் ஒன்றையும் அழுத்தாமல் இருந்தேன். அதற்கு அறிக்கையில் கட்டமே இல்லை.

இரண்டாவது பொய் அதைவிட மோசம். 'ஐடி பிரிவு கண்டறிந்தது.' நாங்கள் எதையும் கண்டறியவில்லை. அக்கா தேங்க்ஸ் சொன்னார். அந்த ஒரு செய்தி வராமல் இருந்திருந்தால், நான் மத்தியானம்வரை பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பேன். ஃப்ராய்ண்டுக்கு அரை நொடி எப்படியோ எனக்கு அந்தக் கும்பிடு அப்படி. உலகமே ஃப்ராய்ண்டைக் கொண்டாடியது. அக்காவிடம் நாங்கள் விளக்கக் கடிதம் வாங்கினோம்.

இதில் அடுத்த ஆபத்தும் இருந்தது. இனி அந்த மாடியில் யாருக்காவது சந்தேகமாக ஏதாவது நடந்தால் எங்களிடம் சொல்வார்களா? அக்காவுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று வேண்டிக்கொள்வார்கள். நான் எழுதிய 'பயனர் பிழை' எங்கள் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்திருந்தது.

அன்று மத்தியானம் அக்கா சீட்டுக்குப் போனேன். டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏதாவது தப்பு பண்ணிட்டனா தம்பி?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

நட்சத்திரம் போட்ட அஞ்சல், அடைக்காத அமைப்பு, அறிக்கையில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை, திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் டிஃபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவன்கிட்ட ஏமாந்தது கூட எனக்குப் பெருசா தெரியல தம்பி," என்றார். "அவன் நீங்க பேசற மாதிரியே பேசினான். அதே பொறுமை. 'டோன்ட் வொரி மேடம்'னு அதே மாதிரி. நீங்க சொன்னா நான் கேள்வி கேக்க மாட்டேன்ல, அதான் அவன்கிட்டயும் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கலாம்னு நீங்க என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொன்னதில்லை. வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்புப் பயிற்சி என்று ஸ்லைடு போட்டுக் காட்டுவோம். சந்தேகப்படுங்கள், விழிப்புடன் இருங்கள் என்று அதில் இருக்கும். மறுநாள் நாங்களே போன் செய்து, சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்போம். யார் என்று எங்களைக் கேட்டால் குரலில் ஒரு சின்ன எரிச்சல் வந்துவிடும். அந்த எரிச்சல்தான் எங்கள் உண்மையான பயிற்சி. மனிதர்கள் ஸ்லைடிலிருந்து கற்பதில்லை, எரிச்சலிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

*

திருத்திய அறிக்கையை அந்த வாரமே மேலாளரிடம் கொடுத்தேன். "இப்ப எதுக்கு இது? முடிஞ்சு போன விஷயம்" என்றார். பிறகு வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு வாய்மொழி எச்சரிக்கை கிடைத்தது. அக்காவின் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லி எச்ஆரிடம் கேட்டேன். கோப்பில் போட்டதை எடுக்க விதி இல்லை, வேண்டுமானால் உங்கள் அறிக்கையை அதற்குப் பின்னால் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள். இரண்டும் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன.

டீம்ஸில் வெளி அழைப்புகளை அடைத்தோம். ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறோம். க்விக் அசிஸ்ட்டை எல்லாக் கணினியிலிருந்தும் நீக்கினோம். சர்வர்களில் ஓடும் மென்பொருள் ஒவ்வொன்றிலும் எந்தப் பொட்டலங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்தோம். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் இரண்டு சிறு மென்பொருள்களை எழுதியவர்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்ப மேலாளரைச் சம்மதிக்க வைக்க ஏழு மாதம் ஆனது. இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் காசு என்பது அவர் கேள்வி. அக்காதான் கணக்கில் அதற்கு ஒரு தலைப்பு கண்டுபிடித்துக் கொடுத்தார்: 'பராமரிப்புச் செலவு'.

இன்னொரு விதியும் வைத்தோம். அதற்குச் செலவே இல்லை. ஐடியிலிருந்து யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு ஐடி கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. முதல் மாதம் யாரும் செய்யவில்லை. கூச்சம். தெரிந்த குரலை எப்படிச் சட்டென்று வைப்பது? நம் ஊரில் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைப்பது சண்டைக்கு அடையாளம்.

மார்ச்சில் ஒரு நாள் அக்காவின் லேப்டாப்பில் ஒரு அப்டேட் நின்றுவிட்டது. கூப்பிட்டேன்.

"அக்கா, நான்தான். உங்க மெஷின்ல ஒரு அப்டேட்..."

"இருங்க தம்பி, வைக்கிறேன்" என்றார்.

லைன் கட்டானது. பழக்கதோஷம், என் முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் ஒரு நொடி வந்து போனது. அந்தப் பக்கம் ஐடி கார்டைத் திருப்பிப் பார்க்க, கண்ணாடியைத் தேடி எடுக்க, எண்களை ஒவ்வொன்றாக அழுத்த நேரமாகும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை நிமிடம் கழித்து மேஜைப் போன் அடித்தது.